குறி தவறிய புகார்

கடற்கரையில் பலூன் சுடும் கடை. மேசைமேல் காற்றுக் கைத்துப்பாக்கியும், மனைவியோடு சுட வந்த மாசிலாமணியின் செல்போனும் அருகருகே கிடந்தன. போனுக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றுமில்லை என்று அதற்கே நினைப்பு.

"உன்னை நெட்டுல முந்நூறு பேர் நாறடிச்சிருக்காங்க. குறி வச்ச இடத்துல படவே மாட்டேங்குதாம். அத்தனை பேருமா பொய் சொல்லுவாங்க?" என்றது துப்பாக்கியிடம்.

"சுடும்போது கண்ணைத் திறந்து வச்சிருந்தாங்களாமா?" என்றது துப்பாக்கி.

"சாக்கு சொல்லாதே!" போன் சிரித்தது.

அதற்குள் மாசிலாமணி துப்பாக்கியை எடுத்தார். மனைவி பார்க்கிறாளா என்று உறுதி செய்துகொண்டு, இரண்டு கண்ணையும் இறுக மூடிச் சுட்டார். பலூன்கள் சௌக்கியமாக ஆடின. மனைவி சிரித்துவிட்டாள்.

"துப்பாக்கியா இது?" என்று கொதித்தவர், உடனே போனில் புகார் எழுத ஆரம்பித்தார். பஜ்ஜி எண்ணெய் வழிந்த கட்டைவிரல் ஓர் எழுத்தைக் குறிவைத்து இன்னோர் எழுத்தில் விழுந்தது, மறுபடியும் விழுந்தது.

"சனியன் பிடிச்ச போன்!" என்று, துப்பாக்கியை மறந்து போனுக்கே ஒற்றை நட்சத்திரம் போட்டார். அதையும் போன்தான் ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டியிருந்தது.

மேசைக்குத் திரும்பிய போனிடம் துப்பாக்கி பணிவாகக் கேட்டது: "உன்னைப் பத்தி எத்தனை பேர் எழுதியிருக்காங்கன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

சார்ஜ் தீர்ந்துபோன மாதிரி போன் திரையை அணைத்துக்கொண்டது.