கண்டுபிடிச்சவருக்கு யார் சொல்றது?

புது இனிப்புத் தூளைக் கரைத்துச் செலுத்திய கோழி முட்டைகளில் மூன்றாவது முறையும் கரு சிறுத்திருந்தது. வெறும் உப்புநீர் செலுத்தியவற்றில் ஒரு குறையும் இல்லை.

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த உதவியாளப் பெண்ணுக்கு மேடம் மேல் எரிச்சல். எந்த முட்டையில் எது என்று அவளிடம் சொல்லாமலே, ஒவ்வொன்றாக உடைத்துப் பார்க்கச் சொல்லி உயிரை வாங்கினார்.

"முதலாளியே விக்கலாம்னு சொல்லிட்டாராம். நீங்கதான் விடாம நோண்டுறீங்களாம். கண்டுபிடிச்சவர் மேல என்ன கோபம் மேடம்?"

"கோபம் இல்லம்மா. வயித்துல பிள்ளையோட இருக்கறவங்களும் இதை டீயில போட்டுக் குடிப்பாங்க."

சொல்லிவிட்டு மேடம் முதலாளியைப் போனில் அழைத்தார். "சார், இதை விக்கக் கூடாது. மூணு தடவையும் கரு சரியா வளரல."

மேடம் போனை வைத்ததும் உதவியாளப் பெண்ணுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம் மேடம் அந்த மனுஷன். எத்தனை வருஷ உழைப்போ. அவருக்கு யார் சொல்றது?"

மேடம் கையுறையைக் கழற்றினார்.

"எட்டு வருஷம்மா. முதல் தடவை பாத்தப்பவே ஒரு பாட்டம் அழுதுட்டேன். கண்டுபிடிச்சவ கண்ணு தனக்குச் சாதகமாத்தானே பாக்கும்? அதான் ஒண்ணும் தெரியாத உன்னைப் பாக்கச் சொன்னேன்."