உதறல்

பூச்சிகளைக் கொல்லும் பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்ப்பதுதான் அவர் வேலை. வீட்டு எலுமிச்சை மரத்திலோ பூச்சிகள் குடும்பம் நடத்தின. தினமும் காலையில் பூஞ்சைக் கரைசலைத் தெளித்தும் பலனில்லை.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் கடை விஷம்தான்" என்றாள் மனைவி. அவருக்கு உதறல் எடுத்தது.

சனிக்கிழமை, துணிக்கொடிப் பக்கத்துக் கிளையில் பூச்சிகள் வெள்ளைப் பூஞ்சை போர்த்திச் செத்திருந்தன.

"பார்த்தியா என் கைவரிசையை!" இல்லாத மீசையை முறுக்கினார்.

"அந்தக் கிளைக்கு உங்க தெளிப்பான் எட்டவே எட்டாதுங்க. உங்க லேப் கோட்டுத் தூசியை தினமும் சாயங்காலம் அங்கதான் உதறுவேன்."

கோட்டில் ஒட்டிவந்த பூஞ்சை மாலையில் பிழைத்ததும், காலையில் தெளித்ததெல்லாம் வெயிலில் செத்து வீணானதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"இனிமே நானும் சாயங்காலமே தெளிக்கிறேன். விஷம் வேணாம். கோட்டையும் துவைச்சிடாதே."

"இதுவரைக்கும் துவைச்சேன்னு யாருங்க சொன்னா?"