சால்வை, கடிகாரம், ரைஸ் குக்கர்

மூன்றாவது தடவையும் மணியை அடித்துவிட்டுப் பிரபாலினி கதவில் காதை வைத்தாள். உள்ளே ஒரு காலடி கேட்டது, உடனே நின்றுவிட்டது. கதவின் பார்வைத் துளை ஒரு கணம் இருண்டு, மறுபடி வெளித்தது.

"மரிவிக், நான்தான். கதவைத் திற."

திறக்கவில்லை. கைபேசிக்கு அழைத்தாள். அது காலையிலிருந்தே அணைந்து கிடந்தது.

மரிவிக் பிலிப்பீன்ஸிலிருந்து ஜெர்மனியின் எசன் நகருக்கு வந்து எட்டு மாதம். முதியோர் இல்லத்தில் இருவருக்கும் ஒரே தளத்தில் வேலை. ஒரு நாளும் லீவு போடாதவள் இன்று வரவில்லை. காரணமும் சொல்லவில்லை.

வேறொருத்தி என்றால் பிரபாலினி இப்படிப் பதறியிருக்க மாட்டாள். ஆனால் மூன்று கிழமையாக மரிவிக் தன் பொருட்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தாள். முதலில் சிவப்புச் சால்வை. பிறகு சுவர்க்கடிகாரம். போன திங்கள் ரைஸ் குக்கர். மூன்று வேளையும் சோறு தின்பவள் அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லியும் விடவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

நல்ல பிள்ளை என்று நினைத்துப் பிரபாலினி வாங்கி வைத்தாள். அந்த இரவுதான் கெஸ்லர் கிழவர் நினைவுக்கு வந்தார்.

கெஸ்லர் இல்லத்தில் பதினான்காம் அறையில் இருந்தவர். போன வருடம் தன் ரேடியோவைக் கொடுத்தார், சதுரங்கப் பலகையைக் கொடுத்தார், சவர மெஷினையும் கொடுத்தார். எல்லாரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள். ஐந்தாம் நாள் ஜன்னல் திறந்திருந்தது, கட்டிலில் ஆள் இல்லை. அதன் பிறகு ஊழியர்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் ஆசிரியை சொன்னதைப் பிரபாலினி மறக்கவில்லை. ஒருவர் பிரியமான பொருட்களைக் கொடுக்கத் தொடங்கினால் தனியே விடாதீர்கள். சுற்றி வளைக்காமல் நேரே கேளுங்கள்.

நேற்று இடைவேளையில்கூட அவளைக் கொஞ்சம் சிரிக்க வைக்கப் பார்த்தாள். "தோடு வடிவாயிருக்கு, அம்மா தந்ததோ?" என்று கேட்டாள். மரிவிக்கின் முகம் வெளுத்துவிட்டது. ஓம் என்று தலையாட்டினாள். குடித்த தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். செத்துப்போன தாயை ஏன் நினைவுபடுத்தினோம் என்று பிரபாலினி தன்னையே திட்டிக்கொண்டாள்.

படியில் யாரோ ஏறி வந்தார்கள். அந்தக் குடியிருப்பின் பராமரிப்பாளர் ஸ்ரீஸ்கந்தராஜா. கையில் ஒரு நீலக் குடை, நனைந்திருந்தது.

"ஆரைத் தேடுறியள் தங்கச்சி?"

"அண்ணை, இந்தக் கதவைத் திறக்கோணும். உங்களிட்ட மற்றத் திறப்பு இருக்குத்தானே?"

"அப்பிடித் திறக்க ஏலாது. பிறகு என்ர வேலை போயிடும். பிள்ளை படுத்திருப்பாள்."

"உள்ளுக்கை முழிச்சுத்தான் நிக்கிறாள். திறக்கிறாள் இல்லை. தன்ர சாமான் எல்லாத்தையும் எனக்குத் தந்து முடிச்சிட்டாள் அண்ணை."

அவர் சிரித்தார். "உங்களுக்கு மட்டுமே? இந்தக் குடையும் அவளின்ரைதான். நல்ல குடை பிள்ளை எண்டு சும்மா ஒரு கதைக்குச் சொன்னன். கையில தந்திட்டு மழையில நனைஞ்சு நனைஞ்சு ஓடுறாள். நானும் சீதனம் வந்தமாதிரி வைச்சிருக்கிறன்."

பிரபாலினி குடையையே பார்த்தாள். கொட்டும் மழையில் குடையைக் கொடுக்கிற மனுசிக்கு நாளைக்கு என்று ஒன்று இருக்குமா?

"அண்ணை, எங்கட இல்லத்தில ஒரு கிழவரும் இப்பிடித்தான் எல்லாத்தையும் குடுத்தவர். பிறகு ஜன்னலால குதிச்சிட்டார். இது மூண்டாம் மாடி."

அவர் சிரிப்பு நின்றது. இடுப்பில் இருந்த திறப்புக் கொத்தை எடுத்தார். சரியான திறப்பைப் பிடிக்க அவருக்கு மூன்று முறை ஆயிற்று.

கதவு திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. ஜன்னல் திறந்திருந்தது. கடிகாரம் தொங்கிய இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. பிரபாலினி கால் தடுக்க உள்ளே ஓடினாள்.

கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையில் மரிவிக் குந்தியிருந்தாள். இரண்டு கைகளாலும் காதுகளை இறுகப் பொத்தியிருந்தாள். பிரபாலினியைக் கண்டதும் இன்னும் ஒடுங்கினாள்.

பிரபாலினி ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் முன்னால் முழந்தாளிட்டாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன்தான். அதில் எப்படிச் சுற்றி வளைப்பது? நேரே கேட்டாள்.

"சாக யோசிக்கிறியா?"

மரிவிக் திகைத்துப் போய்ப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள்.

"பொய் சொல்லாதை. நான் உன்னை விட்டிட்டுப் போகமாட்டன்."

"நான் ஏன் சாகவேணும்?"

"பிறகேன் எல்லாத்தையும் எனக்குத் தந்தனி? இண்டைக்கு ஏன் வேலைக்கு வரேல்லை? ஏன் ஒளிச்சிருக்கிறாய்?"

காதிலிருந்து கையை எடுக்காமலே மரிவிக் ஜெர்மனில் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் மட்டும் கடைசியில் வந்தது.

"ஒருத்தர் வடிவெண்டு சொன்னால் குடுத்திடோணும் எண்டு அம்மா சொல்லித் தந்தவா. நீங்கள் அப்பிடிச் சொன்ன சால்வை, கடிகாரம், குக்கர் எல்லாத்தையும் தந்திட்டன். அம்மான்ர தோடு மட்டும் ஏலாது, அக்கா."