தொண்ணூறாம் பக்கம்

மனைவி மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவோடு அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை வாசலில் அவர் நிற்கிறார். லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் ஓய்ந்திருக்கிறது. ஜன்னல் வெயில் மேசையில் கிடக்கும் அவர்கள் வீட்டுத் தடித்த நாவலின் மேல் விழுகிறது. கல்யாணமான புதிதில் அவர் படி, படி என்று நச்சரித்த நாவல். இருபது பக்கத்திலேயே தூக்கம் வருகிறது என்று அவள் மூடிவைத்த நாவல். இப்போது புதிதாக வந்த லென்ஸ்காரன் சொன்னானாம், ஒரே வாரத்தில் முடித்துவிட்டாள். “கடைசியில அவ திரும்பிக்கூடப் பார்க்காம போறா பாருங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு,” என்கிறாள். துணியால் ஒரு லென்ஸைத் துடைத்தபடி அவன் தலையாட்டுகிறான். இந்தக் குரலை வீட்டில் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது. டப்பாவை நங்கென்று மேசையில் வைக்கிறார். அவள் முகம் மலர்கிறது. “இவர்தான் முதல்ல படிக்கச் சொன்னவர். ஏங்க, அந்த முடிவு சரியா, தப்பா? நீங்களே சொல்லுங்க.” அவர் கண் புத்தகத்துக்குப் போகிறது. அதற்கு மேல் படிக்க ஓடாமல் தொண்ணூறாம் பக்கத்தில் அவர் என்றோ செருகிவைத்த பஸ் டிக்கெட் இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது. “சரிதான்,” என்கிறார். அவர் கண் போன இடத்தை லென்ஸ்காரனும் பார்க்கிறான். விரல் நுனியால் டிக்கெட்டை உள்ளே தள்ளிவிடுகிறான்.