பின்சில்லு

தேநீர்க்கடை வேலியில் சாத்தியிருந்த சைக்கிளின் பின்சில்லு நிலத்தோடு படிந்திருந்தது. முகத்தைக் கவலையாக வைத்துக்கொள்ளத் தில்லைநாதன் பெரும்பாடு பட்டார்.

தேநீர் குடிக்கும்போதே முடிவெடுத்திருந்தார். ஒருவரும் பாராத நேரம் காற்றைத் திறந்துவிட்டு, அதையே சாட்டாக வைத்துப் புங்குடுதீவுக்குத் திரும்பிவிடுவது. அவர் கைவைக்க முன்னமே காரியம் நடந்துவிட்டது.

மனைவி சரோஜினிதேவியின் முதல் வருட ஆட்டைத் திவசம் போன கிழமைதான் முடிந்தது. "இனியாவது வெளிக்கிடும், மாஸ்ரர்" என்று கூடப் படிப்பிக்கும் நாலு பேர் விடுமுறை நாளில் அவர் வீட்டுப் படலையில் வந்து மணியடித்தார்கள். சாட்டிக் கடற்கரையில் குளிப்பு, சாப்பாடு, பாட்டு.

முன்பே கூட்டமென்றால் ஒதுங்குகிறவர். இப்போது மற்றவர்கள் வீட்டுச் சோற்றுப் பார்சலை அவிழ்க்கும்போது, தன் பையிலிருக்கும் கடைப் பாணை எடுப்பதை நினைக்கவே அவருக்குக் களைத்தது.

"தில்லை மாஸ்ரர் பாடாமல் ஒருத்தரையும் கடலில இறங்க விடன்!" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தவர் ஆழ்வாப்பிள்ளை. கொழும்பில் வேலை பார்த்த ஒரே மகனை எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் பறிகொடுத்தவர். இந்த எண்பத்தாறிலும் பள்ளிக்கூடத்தில் பெரிய சிரிப்பு அவருடையதுதான். இந்த மனிதரால் எப்படி முடிகிறது என்று தில்லைநாதன் பலநாள் யோசித்ததுண்டு.

"என்னப்பா சில்லுக்கு?" கூட வந்த குலசிங்கம் காற்றடிக்கும் பம்போடு ஓடி வந்தார்.

"நெருஞ்சி முள்ளுத்தான். காத்தடிச்சும் வேலையில்லை" என்றார் ஆழ்வாப்பிள்ளை. எல்லாருக்கும் பிந்திக் கடைக்குள் வந்தவர், இன்னும் மர வாங்கிலிருந்து எழும்பவில்லை.

"அப்ப என்ர சைக்கிளில ஏறும், மாஸ்ரர்" என்றார் குலசிங்கம்.

"இந்த வெயிலுக்கு இன்னொராளையும் வைச்சு உழக்கப் போறீரோ? சாட்டிக்குப் போறதுக்கிடையில உம்மைத்தான் ஏத்த வேண்டி வரும்!" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

எல்லாரும் சிரித்தார்கள்.

"நீங்கள் போங்கோ. நான் திரும்பி வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போறன்" என்றார் தில்லைநாதன். குரலில் சந்தோசம் தெரிந்துவிடுமோ என்று பயமாயிருந்தது.

"தனிய விட ஏலாது. நானும் கூடப் போறன்" என்று ஆழ்வாப்பிள்ளை எழுந்தார்.

மூன்று பேரிடமிருந்து தப்பி, நாற்பது பேருக்குச் சமமான ஒரு வாயிடம் அகப்பட்டாயிற்று என்று தில்லைநாதன் நினைத்தார்.

புங்குடுதீவுக்குத் திரும்பும் தாம்போதித் தெருவில் இருவரும் சைக்கிளை உருட்டினார்கள். இரண்டு பக்கமும் கடல், தலைக்கு மேலே வெயில். இப்போது பகிடி வரும், இப்போது வரும் என்று தில்லைநாதன் காத்துக்கொண்டே நடந்தார். வரவில்லை.

பாதி வழியில் ஆழ்வாப்பிள்ளை பார்சலை அவிழ்த்தார். வாழையிலையை இரண்டாகக் கிழித்து, பாதிச் சோற்றை நீட்டினார். கடலைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். அப்போதும் பேச்சில்லை. இந்த ஒரு வருடத்தில் வேறு யாருக்குப் பக்கத்திலும் தில்லைநாதன் இவ்வளவு ஆறுதலாக இருந்ததில்லை.

படலைக்கு வந்ததும், "உள்ளுக்கு வாங்கோவன் அண்ணை. தேத்தண்ணி போடுறன்" என்றார் தில்லைநாதன். சொன்னபிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்ததென்று அவருக்கே உறைத்தது.

ஆழ்வாப்பிள்ளை சேட்டுப் பையைத் துழாவி ஏதோ எடுத்து அவர் கையில் வைத்தார். சில்லுக்குள் காற்றைப் பிடித்து வைக்கிற, விரல்நகமளவு வால்வு றப்பர்.

"இதைப் போட்டுக் காத்தடியும். முள்ளொண்டும் குத்தேல்லை."

"எனக்காகவோ அண்ணை கழட்டினனீங்கள்?"

"இல்லை மாஸ்ரர், எனக்காக. என்ர சில்லெண்டால் அவங்கள் என்னைத் தூக்கிக்கொண்டெண்டாலும் போயிருப்பாங்கள்."

சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, அவர் மெல்லச் சொன்னார்:

"மூண்டு வருசமாச் சிரிச்சுக் களைச்சுப் போனன்."