பத்தாவது பாஸ்

கயல் நாற்பத்தோராவது பட்டுப்புடவையைப் பிரித்துப் போட்டபோதும் பேராசிரியர் வெங்கடேஷுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

மூன்று வருஷம் முதல் பெஞ்சில் உட்கார்ந்து அவரிடம் வேதியியல் படித்தவள். போன வருஷம் கல்லூரியிலேயே அவள்தான் முதல். மெடலை அவர் கையால் வாங்கினாள்.

அந்த மேடையில்தான் அவர் முழங்கினார். கடை வேலை கேவலமா? பட்டதாரிகளே, வறட்டு கௌரவத்தை விடுங்கள், நாளைக்கே போய் ஒரு கடையில் நில்லுங்கள்!

கயல் நின்றாள். தி.நகரில் ஆறு கடை வாசலில் நின்றாள். டிகிரி என்றதும் ஆறு இடத்திலும் வந்த வழியைக் காட்டினார்கள். டிகிரிக்காரர்கள் உட்கார ஸ்டூல் கேட்பார்கள். ஏன், எதற்கு என்பார்கள். பேங்க் பரீட்சையில் தேறிவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டுவார்கள்.

ஏழாவது கடையில் பத்தாவது பாஸ் என்றாள். அன்றைக்கே யூனிஃபார்ம் புடவை கிடைத்தது.

ஆற்றங்கரையில் இருந்த வீட்டை அரசாங்கம் இடித்து, குடும்பத்தை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியதிலிருந்து அம்மாவுக்கு அபிராமபுரத்து வீட்டு வேலைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. ஆறு மாதமாக வீட்டில் உலை கொதிப்பது இந்தப் பொய்யில்தான்.

பேராசிரியருக்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் புது ஃப்ளாட். கிரகப்பிரவேசத்துக்குப் புடவை எடுக்க மனைவி சரோஜாதேவியோடு வந்திருந்தார். பெரிய மனிதர் என்று கேள்விப்பட்டு முதலாளி அண்ணாச்சியே மூன்றாம் மாடிக்கு வந்து பக்கத்தில் நின்றார். ஓசியில் கிடைத்த சபையைப் பேராசிரியர் வீணாக்கவில்லை.

"இந்தக் காலத்துப் பசங்க படிச்சுட்டு வீட்ல ஃபோனை நோண்டிக்கிட்டுக் கெடக்கறாங்க அண்ணாச்சி. உங்களை மாதிரி கடையில வந்து நிக்கணும். இதை நான் மேடை மேடையா சொல்லிக்கிட்டு வரேன்!"

"ரொம்பக் கரெக்டு சார்," என்றார் அண்ணாச்சி. இருபத்தெட்டு வருஷத்தில் தெரிந்து ஒரு டிகிரியைக்கூட விற்பனைக்கு நிறுத்தாதவர் அவர். வேலையாட்கள் உட்கார இடம் தர வேண்டும் என்ற சட்டத்துக்காக வாங்கிப் போட்ட ஸ்டூல்களில் அவர் கடையில் காலி அட்டைப்பெட்டிகள் உட்கார்ந்திருந்தன.

தெரியாமல் நுழைந்த டிகிரிகளை மோப்பம் பிடித்துக் கொடுப்பவள் பட்டுப் பிரிவு சூப்பர்வைசர் முத்துலட்சுமி. பஜ்ஜி சுற்றி வந்த இங்கிலீஷ் பேப்பரில் எந்தப் பெண்ணின் கண் வரிவரியாக ஓடுகிறது என்று பார்த்தே மூன்று பேரைப் பிடித்தவள். அன்றிலிருந்து கயல் பஜ்ஜியைக் கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.

அந்த முத்துலட்சுமி இப்போது கயலுக்குப் பின்னால், அலமாரியைப் பார்த்தபடி புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

சரோஜாதேவி ஒரு மாம்பழக் கலர் புடவையைத் தடவிக்கொண்டே கேட்டாள். "இதை வீட்லயே துவைக்கலாமாம்மா?"

கயல் வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் கையைத் தூக்கிவிட்டார். "பட்டுன்னா என்ன? செல்லுலோஸ்!"

சொல்லிவிட்டுப் புருவத்தை ஏற்றி நிறுத்தினார்.

அவருடைய வகுப்பு வித்தை அது. வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுவார், புருவம் ஏறும், உடனே அறுபது பேரும் கோரஸாகத் திருத்த வேண்டும். மூன்று வருஷத்தில் அந்தப் பதில் தும்மல் மாதிரி ஆகிவிடும். வந்தால் அடக்க முடியாது.

கயல் நாக்கைக் கடித்தாள். ரத்தம் கரிக்கிற அளவுக்குக் கடித்தாள்.

"நோ சார்! புரோட்டீன் சார்!"

மூன்றாம் மாடி முழுக்கக் கேட்டது.

பேராசிரியர் பூரித்துப்போனார். "அடடே! என் ஸ்டூடண்ட் யாரோ இங்க இருக்காங்களே!"

அண்ணாச்சியின் உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்ணில் இருந்தது மட்டும் போய்விட்டது.

"கயலுதான் அண்ணாச்சி," என்றாள் முத்துலட்சுமி, அலமாரியிலிருந்து திரும்பாமலே.

"நீ டிகிரியாம்மா?" என்றார் அண்ணாச்சி.

யார் பேசினது என்று கேட்டிருந்தால் கயல் பதில் சொல்லியிருப்பாள். அவர் கேட்டது வேறு. மெடல் கொடுத்தவரை எதிரே வைத்துக்கொண்டு அதற்கு இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு! என் பிள்ளைங்க முகம் எனக்கு மறக்குமா?" பேராசிரியர் அவளைப் புடவைக் குவியலோடு நிறுத்தி ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். அடுத்த பட்டமளிப்பு விழாவில் திரையில் போட்டுக் காட்டப்போகிறாராம். எந்த வருஷம் படித்தாள் என்று கேட்கவில்லை. மாம்பழக் கலரையே பில் போடச் சொன்னார்.

லிஃப்ட் கதவு மூடியது.

அண்ணாச்சி கோபப்படவில்லை. "படிச்ச புள்ள, உனக்கு எதுக்கும்மா இந்தக் கஷ்டம்? யூனிஃபார்மையும் கார்டையும் குடுத்துட்டுக் கெளம்பு," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அவரும் கீழே போனார்.

கயல் கழுத்திலிருந்து கார்டைக் கழற்றினாள். முத்துலட்சுமி பக்கத்தில் வந்து, இறைந்து கிடந்த புடவைகளைக் குனிந்த தலை நிமிராமல் மடிக்க ஆரம்பித்தாள். குரல் கயலுக்கு மட்டும் எட்டியது.

"புரோட்டீன்னு தன்னால வாயில வந்துட்ச்சுடி. நானும் அவராண்டதான் படிச்சேன். உனுக்கு ஆறு மாசம்தான் ஆவுது கயலு. எனுக்குப் பதினோரு வருசம்."