ஒரே சட்டைக்குள் இரண்டு காலிக் கட்டங்கள்

ஒரு டேட்டாபேஸ் அட்டவணையில் தேதிக் கட்டமும் பெயர்க் கட்டமும் அடுத்தடுத்து இருந்தன. இரண்டுமே காலி. ஆனாலும் தேதிக் கட்டம் பக்கத்துக் கட்டத்தை ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

"அண்ணே, நாம ரெண்டு பேருமே காலிதானே? ஒரு வார்த்தை பேசக்கூடாதா?" என்று பெயர்க் கட்டம் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தது.

"நான் தேதி வம்சம். என் காலி வேற" என்பதே பதில்.

ஒரு நாள் எல்லாக் கட்டங்களையும் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராமுக்கு அழைத்துப்போக, தகவலை ஏற்றிச் செல்லும் மென்பொருளான டிரைவர் வந்தது. அங்கே போட வேண்டிய சட்டைகளை, எண்ணுக்கு எண் சட்டை, தேதிக்குத் தேதிச் சட்டை என்று மாட்டிவிட்டது. காலிக் கட்டங்களைப் பார்த்ததும் அலுத்துக்கொண்டது.

"எந்த வம்சமா இருந்தாலும் காலின்னா அங்கே 'நன்', அதாவது ஒண்ணுமில்லை. அதுக்கு இருக்கிறதே ஒரே சட்டை. ரெண்டு பேரும் நுழைங்க."

உள்ளே நெருக்கியடித்து நின்றபோது பெயர்க் கட்டம் கேட்டது: "இப்பவாவது பேசலாமே அண்ணே?"

முகத்தைத் திருப்ப இடமில்லாததால் தேதிக் கட்டம் கண்ணை மூடிக்கொண்டது.

"அட்டவணைக்குத் திரும்பிப் போற வரைக்கும் சும்மா நில்லு."